வேதவாசிப்பு நின்றுபோனால் இரட்சிப்பு போய்விடுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேதாகமம் முழுவதையும் ஒரே வருடத்தில் முடிக்கும் அட்டவணையை வைத்து வாசித்து வந்தேன். லேவியராகமத்தில் நின்றுவிட்டது. இப்போது வேதத்தைத் திறந்தாலே குற்ற உணர்வுதான் வருகிறது. விசுவாசத்தினாலே நீதிமானாகிறோம் என்கிறார் பவுல். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கிறார் யாக்கோபு. தினசரி வாசிப்பு என்ற கிரியைகூட இல்லாத எனக்கு இரட்சிப்பு உண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உண்டு, இல்லை என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் ஒன்றைச் சொல்ல முடியும். யாக்கோபு கேட்கும் கிரியை உங்கள் அட்டவணை அல்ல.

அவருடைய நிருபத்தின், அதாவது கடிதத்தின், இரண்டாம் அதிகாரத்தை இன்னொரு முறை பாருங்கள். உடுக்க உடையும் அன்றைக்குச் சாப்பாடும் இல்லாமல் ஒருவர் நிற்கிறார். அவரிடம், "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று நல்ல வார்த்தை சொல்லி, வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறார்கள். இதனால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு கொதிக்கிறார். எத்தனை அதிகாரம் வாசித்தாய் என்று அந்த நிருபம் எங்குமே கேட்கவில்லை. அதே அதிகாரத்தில், பிறனிடத்தில் அன்புகூரச் சொல்லும் கட்டளையை ராஜரிக பிரமாணம், அதாவது அரச சட்டம், என்கிறார். அது லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் இருப்பது. வயலை ஓரம்வரை அறுத்துவிடாதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் கொஞ்சம் விட்டுவை என்று சொல்வதும் அதே அதிகாரம்தான்.

சரி, பவுலுக்கும் யாக்கோபுக்கும் சண்டையா? ஜெர்மானியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தருக்கு அப்படித் தோன்றியது. 1522இல் புதிய ஏற்பாட்டுக்கு எழுதிய முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்றார். லூத்தர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, இதில் மட்டும் உடன்பாடில்லை. இருவருமே ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தின் ஒரே வசனத்தைத்தான் எடுக்கிறார்கள்: ஆபிரகாம் தேவனை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. அப்போது ஆபிரகாம் உடன்படிக்கையின் அடையாளமான விருத்தசேதனம்கூடப் பெற்றிருக்கவில்லை, காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை என்பதைப் பவுல் பிடித்துக்கொள்கிறார். யாக்கோபு அங்கிருந்து 22ஆம் அதிகாரத்துக்குப் போய், மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய ஆபிரகாமைக் காட்டுகிறார். நடுவில் எத்தனையோ வருடங்கள் ஓடிவிட்டன. விசுவாசம் முதலில் வந்தது, அதன் கனி பிறகு வந்தது. இதில் முரண்பாடு எனக்குத் தெரியவில்லை.

வாசிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, எனக்கு அது உயிர். ஆனால் 15ஆம் நூற்றாண்டின் நடுவில் அச்சு வரும்வரை பெரும்பாலான விசுவாசிகளின் கையில் வேதாகமமே இல்லை. சபையில் வாசிக்கக் கேட்டார்கள், மனப்பாடமாகச் சங்கீதம் சொன்னார்கள். தினம் இத்தனை அதிகாரம் என்ற கணக்கு இரட்சிப்பின் நிபந்தனையாக இருந்திருந்தால், அவர்களில் ஒருவர்கூடத் தேறியிருக்க மாட்டார்.

அதனால் அட்டவணையைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். 88ஆம் சங்கீதத்தை மட்டும் வாசியுங்கள், முடிந்தால் வாய்விட்டு. ஆறுதல் ஒரு வரிகூட வராத பாட்டு அது. சிநேகிதரும் தோழரும் விலகிப்போனார்கள் என்ற புலம்பலோடு அப்படியே நின்றுவிடும். ஆனாலும் அதைப் பாடியவர், "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். மனம் தேறிய பிறகு ஜெபிக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. நீங்களும் காத்திருக்க வேண்டாம். குற்ற உணர்வு இருந்தால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள். அப்புறம் லேவியராகமத்துக்குத் திரும்பும்போது, விட்ட இடத்தைத் தேடாமல் நேரே 19ஆம் அதிகாரத்துக்குப் போங்கள்.