மேசைக்கு எத்தனை பக்கம்?

கேள்வி: பல்லாண்டுகளாக அடித்துக்கொள்ளும் இரு தரப்பினரை ஒரே மேசையில் உட்காரவைத்து, ஒருவர் வலியை மற்றவர் உணரும்படி செய்துவிட்டால் சண்டை தானாகத் தீர்ந்துவிடும் அல்லவா?
– தாராபுரம் வாசகர்

பதில்: வலியை அப்புறம் பார்ப்போம். எந்த மேசை, அதற்கு எத்தனை பக்கம்?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. 1968இல் வியட்நாம் போரை நிறுத்துவதற்காகப் பாரிசில் கூடியவர்கள் மேசையின் வடிவத்துக்கே வாரக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். தெற்கில் போராடும் கெரில்லாக்களும் தனித் தரப்பாக உட்கார வேண்டும் என்றது வட வியட்நாம். அவர்கள் தனித் தரப்பே அல்ல, மேசைக்கு இரண்டு பக்கம் போதும் என்றது தென் வியட்நாம். நடுவில் ஒரு வட்ட மேசை, இரு புறமும் 45 சென்டிமீட்டர் தள்ளி ஆளுக்கொரு செவ்வக மேசை என்று 1969 ஜனவரியில் ஒருவழியாக முடிவானது. அதுவரை காட்டில் பையன்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

சிரிக்காதீர்கள். முதல் பந்தியில் மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு இலை போடவில்லை என்று முறிந்த சம்பந்தங்கள் நம் ஊரில் எத்தனை! அந்தச் சித்தப்பாவிடம் போய், "பெண் வீட்டார் மனத்தைப் புரிந்துகொள்ளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள், துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். பந்தி விசாரித்துப் பழகியவர் பேசவே மாட்டார். வரிசையை அரை அடி நகர்த்தி ஓர் இலையைப் போட்டுவிடுவார்.

வட அயர்லாந்துக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்ற புராட்டஸ்டண்டுகளுக்கும் அயர்லாந்தோடு சேர வேண்டும் என்ற கத்தோலிக்கர்களுக்கும் முப்பது ஆண்டுச் சண்டை, ஏறத்தாழ 3,500 உயிர்கள். 1998இல் 'புனித வெள்ளி' அமைதி உடன்பாடு கையெழுத்தான பிறகும் புராட்டஸ்டண்ட் தரப்புத் தலைவர் பாதிரியார் இயன் பெய்ஸ்லி முரண்டு பிடித்தார். சேர்ந்து ஆட்சி நடத்துவது பற்றிப் பேச, 2007 மார்ச் 26 அன்று அவரும் கத்தோலிக்கத் தரப்புக் கட்சியான சின் ஃபெயினின் தலைவர் ஜெர்ரி ஆடம்சும் உட்கார்ந்தாக வேண்டும். எதிரெதிரே உட்கார்ந்தால்தான் வருவோம் என்றது பெய்ஸ்லி கட்சி. பக்கத்தில் பக்கத்தில் என்றது சின் ஃபெயின். ஓர் அரசு அதிகாரி மேசைகளைச் சாய்சதுரமாகப் போடவைத்தார். முனையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். எதிரே என்றால் எதிரே, பக்கத்தில் என்றால் பக்கத்தில்! அமைதி நோபல் பரிசை அந்த அதிகாரிக்குக் கொடுத்திருக்க வேண்டும். 1976ஆம் ஆண்டுக்கான பரிசைப் பெல்ஃபாஸ்டில் அமைதி ஊர்வலம் நடத்திய இரண்டு பெண்மணிகளுக்குக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அந்த இயக்கத்துக்குள்ளேயே சண்டை மூண்டது.

சாய்சதுர மேசையின் பலனைக் கேளுங்கள். பெய்ஸ்லி முதலமைச்சர், அயர்லாந்தோடு சேர ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. படையின் முன்னாள் தளபதி, சின் ஃபெயினின் மார்ட்டின் மெக்கின்னஸ் துணை முதலமைச்சர். அந்த மார்ச் வரை இருவரும் மழை, வெயில் பற்றிக்கூடப் பேசியதில்லை என்று மெக்கின்னசே சொன்னார். பதவியேற்ற பிறகோ, எந்தப் புகைப்படத்தைப் பார்த்தாலும் அதில் இருவரும் வாய்விட்டுச் சிரிப்பார்கள். 'சிரிப்புச் சகோதரர்கள்' என்று பத்திரிகைகள் பெயரே வைத்துவிட்டன. 2014இல் பெய்ஸ்லி இறந்தபோது, நண்பரை இழந்தேன் என்றார் மெக்கின்னஸ். நாற்காலி முதலில், நட்பு பிறகு. உங்கள் வரிசை தலைகீழ், தாராபுரத்தாரே.

மகளைப் பறித்தவர்களையும் வெறுக்காத கார்டன் வில்சன் இல்லையா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய பெயர்தான். 1987 நவம்பரில் வட அயர்லாந்தின் என்னிஸ்கில்லன் ஊரில் ஐ.ஆர்.ஏ. குண்டு வெடித்தது. இடிபாட்டுக்குள் மகள் மேரியின் கையைப் பிடித்தபடி கிடந்தார். அவள் பிழைக்கவில்லை. சில மணி நேரத்தில், யார்மீதும் எனக்குக் காழ்ப்பு இல்லை என்று பிபிசியிடம் சொன்னார். அந்த மனம் எனக்குக் கிடையாது. ஆனால் அதே மனிதர் 1993இல் ஐ.ஆர்.ஏ. ஆட்களை நேரில் சந்தித்து, நிறுத்துங்கள் என்று மன்றாடியபோது வெறுங்கையோடுதான் அனுப்பினார்கள்.

இதை எழுதியதும் வெள்ளைப் புறாக் கவிஞர்கள் என்மீது பாய்வார்கள் என்று தெரியும். பாயட்டும். இந்தப் பத்திரிகையில் புறாவுக்குத் தடை விதித்தவன் நான்தான்; மெழுகுவத்திக்கும் சேர்த்து. இரண்டு புறாக்கள் ஒரு பிடி கம்புக்கு அடித்துக்கொள்வதை இந்தக் கவிஞர்கள் பார்த்ததே இல்லை போலும்.

உணர்ந்துகொள்ளும் வேலையை மேசையைவிடப் பள்ளிக்கூட பெஞ்சில் தொடங்கலாம் என்பது என் கட்சி. பெல்ஃபாஸ்டில் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் பெற்றோர் சிலர் சேர்ந்து 1981இல் லகன் கல்லூரி என்ற பள்ளியை 28 பிள்ளைகளோடு தொடங்கினார்கள். இன்றும் அங்கே இத்தகைய கலப்புப் பள்ளிகளில் படிப்பவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவர்கள் பெரும்பாலும் தத்தம் பிரிவினர் பள்ளிக்குத்தான் போகிறார்கள். இரு தரப்பினர் தெருக்களையும் பிரிக்கும் சுவர்களை 2023க்குள் அகற்றிவிடுவோம் என்று அரசு சொன்னது; அவற்றில் பெரும்பாலானவை நகரத்தில் இன்னும் நிற்கின்றன. சிலவற்றின் கதவுகளை இரவில் இன்னும் பூட்டுகிறார்கள்.