விசா 3 ஆண்டு, வீட்டுக் கடன் 30 ஆண்டு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே கவலையைச் சுற்றி வருகின்றன. பிள்ளை வேலை விசாவில் வெளிநாட்டில் இருக்கிறான். வாடகை சம்பளத்தைத் தின்கிறது. கடன் வாங்கி ஒரு வீடு வாங்கிவிடலாமா? எழுதியவர்களில் பலர் அந்தப் பிள்ளைகள் அல்லர். பெரம்பூரிலும் வண்ணாரப்பேட்டையிலும் இருக்கும் பெற்றோர். வடசென்னை வங்கிக் கிளைகளில் கடன் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஐ.சி.எப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகன் எச்1பி விசாவில் டெக்சாஸில் இருக்கிறான். 3.5 சதவீதம் முன்பணம் போதும் என்று சொன்ன முகவர், இப்போது அந்தக் கடன் கிடைக்காது என்கிறாராம். விசாவில் இருப்பவருக்கு அமெரிக்காவில் வீட்டுக் கடனே கிடையாதா? (வாசகர், பெரம்பூர்)

கிடைக்கும் ஐயா. மூடியிருப்பது ஒரு வாசல் மட்டும். முகவர் முதலில் சொன்னது எஃப்எச்ஏ கடன். அதற்கு அமெரிக்க அரசு காப்பீடு தருகிறது. கிரீன் கார்டு, அதாவது அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை, இல்லாத வெளிநாட்டவருக்கு 2025 மே 25 முதல் அந்தக் கடன் இல்லை. உங்கள் மகன் இனி சாதாரண வங்கிக் கடனுக்குத்தான் போக வேண்டும். வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற இரு நிறுவனங்களும், சட்டப்படி தங்கி வேலை செய்யும் வெளிநாட்டவருக்குக் கடன் தருவதை ஏற்கின்றன. ஆனால் ஒவ்வொரு வங்கியும் தன் பங்குக்குச் சில நிபந்தனைகளைச் சேர்க்கும். ஆகவே ஒரு வங்கி மறுத்தால் அடுத்ததைக் கேட்க வேண்டும். முன்பணம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கடன் காப்பீட்டுக்கு மாதந்தோறும் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும்.

என் கவலை கடன் கிடைப்பதைப் பற்றியது அன்று. எச்1பி முதலில் 3 ஆண்டு, பிறகு இன்னொரு 3 ஆண்டு. கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் அதற்கு மேல் நீட்டிப்பு. வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ள அதிகபட்சம் 60 நாள். தவணையோ அங்கே வழக்கமாக 30 ஆண்டு. வட்டி நம் ஊர்போல ஏறி இறங்காமல் கடைசிவரை ஒரே விகிதத்தில் நிற்கும் கடன் அங்கே சாதாரணம்; அது நல்ல செய்தி. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, ஆனால் சொத்து வரி கனமானது. மாதத் தவணையோடு அதையும் கூட்டிப் பார்த்துத்தான் கட்ட முடியுமா என்று முடிவு செய்ய வேண்டும்.

விசா முடிந்து திரும்பினாலும் வீடு அவன் பெயரில்தான் இருக்கும். வாடகைக்கு விடலாம், விற்கலாம். வெளிநாட்டவர் என்ற நிலையில் விற்றால் பொதுவாக விலையில் 15 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்குக் கட்டிவிடுவார்கள். கணக்குத் தாக்கல் செய்து, உண்மையான வரி போக மீதியைத் திரும்பப் பெறலாம். கிரீன் கார்டு வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மகனிடம் கேளுங்கள். தொடங்கவே இல்லை என்றால், 6 மாதத் தவணை கையிருப்பில் சேரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

இந்தியாவில் என் சிபில் மதிப்பெண் 800. அதைக் காட்டி வெளிநாட்டு வங்கியில் கடன் கேட்கலாமா? (வாசகர், வியாசர்பாடி)

அதை நம்பிப் போக வேண்டாம். அந்தந்த நாட்டில் வாங்கிக் கட்டிய கடனைத்தான் அந்தந்த நாட்டு வங்கிகள் பார்க்கின்றன. போன நாட்டில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கி மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டி வாருங்கள். ஊரில் கல்விக் கடன் பாக்கி இருந்தால் அதன் தவணையை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருக்கிறேன். ஒரு எச்டிபி (அரசு வீட்டு வசதி வாரிய) வீடு வாங்கக் கடன் கிடைக்குமா? (வாசகர், ராயபுரம்)

தம்பி, நிரந்தரவாசியாகாத வெளிநாட்டவர் எச்டிபி வீடு வாங்கவே முடியாது. தனியார் அடுக்குமாடி வீட்டை வாங்கலாம். ஆனால் 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவர் கட்ட வேண்டிய கூடுதல் முத்திரைத் தீர்வை 60 சதவீதம். 10 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீட்டுக்கு அது மட்டுமே 6 லட்சம் வெள்ளி. வாடகையிலேயே இருங்கள்.

என் கணவர் காலமாகிவிட்டார். பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. மகன் லண்டனில் வேலை விசாவில் இருக்கிறான். அங்கே வீடு வாங்க முன்பணத்துக்கு இந்த வீட்டை அடமானம் வைத்து 40 லட்சம் அனுப்பச் சொல்கிறான். எனக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. மகள் கொடுங்கையூரில் இருக்கிறாள். செய்யலாமா? (வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை)

அம்மா, செய்யாதீர்கள். காரணங்களைச் சொல்கிறேன், மகனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதலாவது, அந்த வீடு உங்களுடையது மட்டுமன்று. கணவர் உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. கணவரின் தாயார் அப்போது உயிருடன் இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. மகள் கையெழுத்து இல்லாமல் எந்த வங்கியும் அடமானம் பிடிக்காது. லண்டன் வீட்டுக்காகக் கொடுங்கையூரில் இருப்பவளின் பங்கும் பணயம் ஆகிறது. இதை அவளிடம் யாராவது சொன்னார்களா?

அடுத்து சட்டம். இந்தியாவில் இருப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். மகனுக்குப் பரிசாக அனுப்புவதும் அதில் அடங்கும். ஆனால் வெளிநாட்டில் சொத்து வாங்குவது போன்ற மூலதனக் கணக்குக் காரியங்களுக்கு இப்படி அனுப்ப வங்கி கடன் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. “கடன் விண்ணப்பத்தில் வீட்டுப் பராமரிப்பு என்று எழுதுங்கள், அனுப்பும்போது பரிசு என்று எழுதுங்கள்” என்று இடைத்தரகர் யாராவது சொன்னால் கையெழுத்திடாதீர்கள். பொய்க் காரணம் எழுதிய தாளில் இருக்கப்போவது உங்கள் கையெழுத்து. லண்டன் வங்கியும் இந்த முன்பணம் எங்கிருந்து வந்தது என்று ஆதாரம் கேட்கும்; கடன் வாங்கிக் கொடுத்த பரிசு என்றால் பெரும்பாலும் முகம் சுளிக்கும்.

பரிசாக அனுப்பும் பணம் நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதத்தை வரியாக வங்கி முன்கூட்டியே பிடிக்கும். 40 லட்சத்துக்கு அது 6 லட்சம். கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வரும். ஆனால் அதுவரை அந்த 6 லட்சத்துக்கும் எங்கே போவீர்கள்?

இனி தவணை. 40 லட்சத்தை 10 சதவீத வட்டியில் 15 ஆண்டுக்கு வாங்கினால் மாதம் சுமார் 43,000 ரூபாய். மகன் அனுப்புவான் என்கிறீர்கள்; அனுப்புவான் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் அவன் விசா அவனுடைய நிறுவனத்தைச் சார்ந்தது. அங்கே வேலை போனாலும் வழக்கமாக 60 நாள்தான் அவகாசம். அவன் அங்கும் தவணை கட்டி, இங்கும் அனுப்ப வேண்டிய நேரத்தில் அது நடந்தால்? 90 நாள் தவணை நின்றால் இங்கே கடன் வாராக்கடன் ஆகும். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும்; அதன் பிறகு நீதிமன்ற வழக்கு இல்லாமலே வங்கி வீட்டை எடுத்து ஏலம் விடலாம். அப்படியொரு நோட்டீஸை ஒரு வீட்டுக் கதவில் ஒட்டும்போது உடன் போயிருக்கிறேன். உள்ளே இருந்த அம்மையாருக்கு அதைப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நாளை நான் மறக்கவில்லை.

சேமிப்பிலிருந்து மனமுவந்து ஒரு தொகை கொடுங்கள், அதைத் தடுக்க மாட்டேன். 10 லட்சத்துக்குள் இருந்தால் வரிப் பிடித்தமும் இல்லை. வீட்டுப் பத்திரம் மட்டும் பீரோவிலேயே இருக்கட்டும்.

ஒரு மகன் கனடாவில், இன்னொருவன் ஆஸ்திரேலியாவில். இருவருமே தற்காலிக விசாவில் இருக்கிறார்கள். வெளிநாட்டவர் வீடு வாங்கத் தடை என்று செய்தியில் படித்தோம். (வாசகி, கொளத்தூர்)

இரண்டு நாட்டிலும் தடை உண்டு, அளவு வேறு. கனடாவில் 2027 ஜனவரி 1 வரை தடை. ஆனால் வாங்கும் நாளில் வேலை அனுமதியில் 183 நாளாவது மீதமிருந்தால் ஒரு வீடு வாங்கலாம். ஆகவே அனுமதியைப் புதுப்பித்த பிறகு வீடு தேடச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவில் 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை, ஏற்கெனவே யாரோ குடியிருந்த வீட்டைத் தற்காலிக விசாக்காரர் வாங்க முடியாது. புதிதாகக் கட்டிய வீடென்றால் அரசின் முன் அனுமதி பெற்று வாங்கலாம்.

துபாயில் 2 ஆண்டு விசா. அங்கேயே வீடு வாங்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். (வாசகர், தண்டையார்பேட்டை)

வாங்கலாம். 50 லட்சம் திர்ஹாம் வரையுள்ள முதல் வீட்டுக்கு வெளிநாட்டவருக்கு அதிகபட்சம் 80 சதவீதம்தான் கடன். எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நிலத்துறைப் பதிவுக் கட்டணம் 4 சதவீதம் தனி. தவணை தவறினால் வங்கி வழக்குத் தொடர்ந்து பயணத் தடை கேட்க முடியும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வரும் நாளில் விமானம் ஏற முடியாத நிலை வரக் கூடாது தம்பி.

குவைத்தில் வெல்டராக இருக்கிறேன். 2 ஆண்டு ஒப்பந்தம். திருவொற்றியூரில், விம்கோ நகர் மெட்ரோ அருகே 48 லட்சத்துக்கு ஒரு பழைய அடுக்குமாடி வீடு வருகிறது. மனைவி ஊரில் இருக்கிறார். ஒப்பந்த வேலைக்காரனுக்குக் கடன் தருவார்களா? (வாசகர், திருவொற்றியூர்)

தருவார்கள். வெளிநாடுவாழ் இந்தியருக்கான வீட்டுக் கடன் என்று கேளுங்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்ட வரலாறு இருந்தால் பழைய ஒப்பந்தங்களையும் கொடுங்கள். தொடர்ந்து பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம் உங்களுக்குப் பெரிய பலம். மனைவிக்கு வருமானம் இருந்தால் அவரையும் கடனில் சேருங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். ஆக 38.4 லட்சம் கிடைக்கலாம், 9.6 லட்சம் உங்கள் கைப்பணம். பத்திரச் செலவு இதில் சேராது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் போட்டால் 4.32 லட்சம். சுமார் 14 லட்சம் கையில் இல்லாமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

தவணையை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ (வெளிநாட்டு வருமானத்துக்கு) அல்லது என்ஆர்ஓ (இந்திய வருமானத்துக்கு) கணக்கிலிருந்து கட்டலாம், வீட்டு வாடகையிலிருந்து கட்டலாம். நெருங்கிய உறவினர் தம் கணக்கிலிருந்தும் கட்டலாம். ஊரிலிருந்தபோது வைத்திருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை இன்னும் அப்படியே வைத்திருந்தால் என்ஆர்ஓவாக மாற்றிவிடுங்கள். வேலை முடிந்து ஊர் திரும்பினால் கடன் ரத்தாகாது. வங்கிக்குத் தெரிவித்தால் உள்நாட்டுவாசியின் கடனாகத் தொடரும்.

வீட்டைப் பற்றி இரண்டு சொல். மூலப்பத்திரம், 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று, சிஎம்டிஏ அல்லது உள்ளாட்சி வரைபட அனுமதி, கிரயப் பத்திரத்தில் உங்களுக்கு வரும் பிரிபடாத மனைப்பங்கு (கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்கள் பங்கு), இவற்றை வழக்கறிஞர் பார்க்கட்டும். அது கோயில் மனையோ புறம்போக்கோ இல்லை என்று உறுதி செய்யுங்கள். உங்கள் பகுதியில் இதை விட்டுவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் எதுவரை ஏறியது என்று தரைத்தளத்தில் இருப்பவர்களை உங்கள் மனைவி நேரில் போய்க் கேட்கட்டும்.

பத்திரப் பதிவுக்கு விடுமுறை கிடைக்காவிட்டால் மனைவிக்குப் பவர் பத்திரம் கொடுக்கலாம். வங்கி தரும் வாசகத்தையே வாங்கி, குவைத்தில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். தபால் உறையைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.