வி-கிராஸில் ஹை-லிஃப்ட் ஜாக்கி: கூரையும் வேண்டாம், முன் பம்பரும் வேண்டாம்

நண்பரே, உங்கள் இசுசு வி-கிராஸ் பிக்கப் வண்டியில் 48 அங்குல ஹை-லிஃப்ட் ஜாக்கியை (நீண்ட தண்டில் ஏறி வண்டியைத் தூக்கும் ஜாக்கி) கூரையில் மாட்டலாமா, முன் பம்பரிலா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இரண்டுக்கும் தலையாட்ட மாட்டேன்.

கூரை என்றால், ஏறக்குறைய 13 கிலோ இரும்பை, வண்டி சேற்றில் சாய்ந்து நிற்கும்போது தலைக்கு மேலிருந்து இறக்க வேண்டும். முன் பம்பரில் புழுதி நேராக வந்து அப்பும். நானும் ஒரு வருடம் அங்கேதான் வைத்திருந்தேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது! தேவைப்பட்ட அன்று, ஜாக்கியைத் தண்டில் படிப்படியாக ஏற்றும் பின்கள் (சிறு இரும்பு முளைகள்) மண்ணேறி இறுகிவிட்டன. குடிதண்ணீரை ஊற்றிக் கழுவிய பிறகே ஜாக்கி தண்டில் ஏறியது.

பின்தொட்டியில், கேபினை ஒட்டிக் குறுக்குவாட்டில் மாட்டுங்கள். தகடு மெல்லியது, போல்ட்டுக்குப் பின்னால் இரும்புப் பட்டை கொடுக்காவிட்டால் கிழிந்துவிடும். கைப்பிடி கடகடக்கும், பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிக் கட்டிவிடுங்கள். பின்களுக்கு லேசான எண்ணெய் போதும்; கிரீஸ் தடவினால் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

பம்பர் மாற்றிவிட்டீர்களா? கம்பெனி பிளாஸ்டிக் பம்பரில் இந்த ஜாக்கியைக் கொடுத்துத் தூக்க முடியாது. வண்டியின் அடிச்சட்டத்தோடு (சேஸிஸ்) பொருத்திய இரும்பு பம்பரோ, கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டு இரும்பு ஸ்லைடரோ வேண்டும். அது இல்லையென்றால் முதலில் அதற்குச் செலவிடுங்கள்.