நாய்ப் பட்டியில் "உடலிலிருந்து 20 செ.மீ. தள்ளி வைக்கவும்" என்று இருக்கிறதே, கழுத்தில் கட்டலாமா?

கனடாவிலிருந்து மாமா அனுப்பிய ஜிபிஎஸ் பட்டியின் தாளில் இப்படி இருப்பதாகவும், பிள்ளைகள் நாயைக் கட்டிப்பிடித்துப் படுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இலங்கையின் களுவாஞ்சிகுடியில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருப்பவன் நான். இந்தப் பட்டிகள் இப்போது எங்கள் மேசைக்கும் வருகின்றன. கதிர்வீச்சு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அதை இங்கே பாவிக்க அனுமதி உண்டா என்று யாரும் கேட்பதில்லை. எனக்குப் பெரிய கவலை அதுதான்.

முதலில் அந்த 20 செ.மீ. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதிப்படி, உடலிலிருந்து அவ்வளவு தள்ளியே பாவிக்கும் கருவியென்றால் கணக்குப் போட்டுக் காட்டினால் போதும். அதைவிடக் கிட்ட வைப்பதென்றால், வலு மிகக் குறைந்த கருவிகளைத் தவிர மற்றவற்றுக்கு, உடல் உறிஞ்சும் வானலைச் சக்தியின் அளவைக் காட்ட வேண்டும். எல்லை கிலோவுக்கு 1.6 வாட், 1 கிராம் திசுவின் சராசரியாக. ஐரோப்பாவில் கிலோவுக்கு 2 வாட், 10 கிராம் திசுவின் சராசரியாக. உங்கள் பட்டியைச் செய்தவர் முதல் வகையில் பதிந்திருக்கிறார். 'உடல்' என்று அதில் சொல்வது மனித உடலை. இந்த எல்லைகள் நாய்க்கென்று வகுத்தவை அல்ல.

ஜிபிஎஸ் பகுதி எதையும் அனுப்புவதில்லை. 20,000 கி.மீ.க்கு மேலே சுற்றும் செய்மதிகளிலிருந்து வாங்க மட்டும் செய்யும். அனுப்புவது சிம் போடும் ஃபோன் பகுதி. 2ஜி, 900 மெகாஹேர்ட்ஸில் உச்சம் 2 வாட். ஆனால் எட்டில் ஒரு பங்கு நேரமே அனுப்புவதால் சராசரி கால் வாட், அதுவும் இடத்தை அறிவிக்கும் அந்தச் சில வினாடிகளுக்குத்தான். டவர் தூரமென்றால் வலுவைக் கூட்டும். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் நாள்கணக்கில் நிற்கும் பற்றரி, மேற்கே படுவான்கரை வயல்வாடியில் சீக்கிரம் இறங்குவது இதனால்தான். நாய் ரேடியோவுக்குக் கீழே படுத்திருக்கும்போது ஸ்பீக்கரில் "ட்ர்ர்-ட்ட்-ட்ட்" என்று கேட்டால், பட்டி அப்போது அனுப்புகிறது என்று அர்த்தம். பிள்ளைகளை நினைத்துப் பதறத் தேவையில்லை. ஆனாலும் இரவில் அவர்களோடு படுக்கும் நாய்க்குப் பட்டி எதற்கு? கழற்றிவிடுங்கள். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) இருந்தால் பட்டி நெஞ்சுக்கு 15 செ.மீ.க்குள் வராமல் பாருங்கள்.

நாய்க்கு நான் கண்ட உண்மையான கேடு புண். வாவியில் குளித்துவிட்டு ஈரப் பட்டியோடு திரியும் நாயின் மயிரை விலக்கினால் தோல் சிவந்து கசியும். இரண்டு விரல் நுழையும் இடைவெளி விடுங்கள்.

இனி மீடிறன், அதாவது பட்டி அனுப்பும் அலையின் அதிர்வெண். அமெரிக்காவில் வேட்டை நாய்ப் பட்டிகள் சில 151 முதல் 154 மெகாஹேர்ட்ஸில் 2 வாட் வரை அனுப்பும். அங்கே அதற்குத் தனி உரிமம் வேண்டாம். இங்கே அந்தச் சலுகை செல்லாது. அதற்குச் சற்று மேலே, 156இல், படகுகள் பேசும் கடல் விஎச்எஃப் வானலை தொடங்குகிறது. வாழைச்சேனைப் படகுக்காரர் ஆபத்தில் கூப்பிடும் 16ஆம் அலைவரிசை 156.8. சிம் இல்லாத சில பட்டிகள் அமெரிக்காவில் எவரும் பாவிக்கலாம் என்று விட்ட 902–928 மெகாஹேர்ட்ஸில் ஓடும். இங்கே 915 வரை ஃபோன்கள் டவருக்குப் பேசும் இடம். உங்கள் நாயின் பட்டி அயலவருடைய அழைப்பைக் குழப்பலாம். "தீங்கான இடையூறு தரக்கூடாது, வரும் இடையூறை ஏற்க வேண்டும்" என்று பட்டியில் அச்சிட்டிருப்பது அமெரிக்க விதி. அதை இலங்கை அனுமதியாக எடுக்க வேண்டாம்.

இங்கே 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் இருக்கிறது. வானலை அனுப்பும் கருவியைக் கொண்டுவரவும் பாவிக்கவும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். உறவினர் அனுப்புவதற்கு முன்பே மாடல் இலக்கத்தைக் கொடுத்து அங்கே கேட்பது நல்லது. பார்சல் சுங்கத்தில் நின்ற பிறகு அலைவது கஷ்டம்.

2ஜி சிம் பட்டியென்றால் பின்பக்கத்தைப் பாருங்கள். ஜிஎஸ்எம் 900/1800 இருக்க வேண்டும். 850/1900 மட்டும் இருந்தால் இங்கே 2ஜி பிடிக்காது. அந்த எழுத்தைப் படமெடுத்துப் போடுங்கள், எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.