நியூ ஆர்லியன்ஸ் ராஜ்மா சோறு, ஒரு மணி நேரத்துக்குள்

நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் அமெரிக்க மாநிலமான லூசியானாவில் பத்து வருடம் குடியிருந்தவள் என்பதால், அந்த ஊர் ராஜ்மா சோறான 'ரெட் பீன்ஸ் அண்ட் ரைஸ்' பற்றிய கேள்விகள் எல்லாம் என்னிடமே வந்து சேர்ந்துவிட்டன. வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவர்களை மனதில் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, மூன்று மணி நேரம் வேகிற பண்டம் எப்படித் திங்கட்கிழமைச் சாப்பாடு ஆனது?

அன்று அங்கே துணி துவைக்கும் நாள். ஞாயிறு சமையலில் மிஞ்சிய ஹாம் (பன்றித்தொடை) எலும்பைப் போட்டு ராஜ்மாவை அடுப்பில் ஏற்றிவிட்டால், பக்கத்தில் நிற்க வேண்டாம், தானே வெந்துகொண்டிருக்கும். வாஷிங் மெஷின் வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. அந்த ஊர்க்காரரான ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங், கடிதங்களில் 'சின்சியர்லி யுவர்ஸ்' என்பதற்குப் பதில் 'ரெட் பீன்ஸ் அண்ட் ரைஸ்லி யுவர்ஸ்' என்றே கையெழுத்திடுவார்.

கேள்வி: குக்கரில் வைத்தேன். ராஜ்மா வெந்துவிட்டது, குழம்பு மட்டும் தண்ணீராக நிற்கிறது. ஏன்?

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். பானையில் மணிக்கணக்கில் கொதிக்கும்போது தண்ணீர் வற்றும், பயறு உடைந்து மாவு குழம்பில் கரையும். மூடிய குக்கரில் இரண்டுமே சரியாக நடக்காது. அதனால் அதை நாம் தனியாகச் செய்ய வேண்டும்.

நான் செய்வது இப்படி. ஆன்டூயி என்ற புகையூட்டிய பன்றி இறைச்சி சாஸேஜை வட்டமாக நறுக்கி, குக்கரிலேயே எண்ணெய் விட்டுச் சிவக்க வறுத்து எடுத்துவிடுவேன். அதே கொழுப்பில் பெரிய வெங்காயம் இரண்டு, செலரி இரண்டு தண்டு, பச்சைக் குடைமிளகாய் ஒன்று. இந்த மூன்றையும் அங்கே 'ட்ரினிட்டி' என்பார்கள். பத்து நிமிடம் பொறுமையாக வதக்குங்கள். நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று இதில் கை வைத்தால் ருசி போய்விடும். அப்புறம் பூண்டு, தைம் என்ற வாசனை இலை, இரவே ஊறவைத்த ஒரு கப் ராஜ்மா, அதற்கு மேல் ஓர் அங்குலம் நிற்கும் அளவுக்குத் தண்ணீர். ஆறு விசில், பிறகு சிறு தீயில் பத்து நிமிடம்.

ஆவி அடங்கியதும் திறந்து, இரண்டு கரண்டி ராஜ்மாவை குக்கரின் ஓரத்திலேயே வைத்து மசித்துவிடுங்கள். சாஸேஜைத் திரும்பப் போட்டு, மூடாமல் பதினைந்து நிமிடம் கொதிக்கட்டும். கரண்டியின் முதுகில் ஒட்டும் பதம் வந்தால் சரி. உப்பைக் கடைசியில் பாருங்கள், சாஸேஜிலேயே நிறைய இருக்கும்.

கேள்வி: ஊறவைக்க மறந்துவிட்டேன்!

டின் ராஜ்மா வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு டின்னை அலசி, வதக்கிய காயோடு சேர்த்து அரை மணி கொதிக்கவிட்டு மசித்தால் போதும்.

கேள்வி: காலையில் ஸ்லோ குக்கரில் போட்டுவிட்டு ஆபீஸ் போகலாமா?

வேகாத ராஜ்மாவை அப்படியே போடாதீர்கள். அதில் லெக்டின் என்ற நச்சு உண்டு, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அது அழியாமல் போகலாம், 80 டிகிரி செல்சியஸில் நச்சு இன்னும் கூடும் என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் அரை மணி தளதளவெனக் கொதிக்கவைத்த பிறகு போடலாம். அவ்வளவு செய்கிற நேரத்தில் விசில் குக்கரில் சமையலே முடிந்துவிடும்.

கேள்வி: நாங்கள் சைவம். சாஸேஜுக்குப் பதில்?

அதில் முக்கியம் புகை வாசனை. புகையூட்டிய பாப்ரிகா (காரம் குறைந்த மிளகாய்த்தூள்) ஒரு டீஸ்பூன், எண்ணெய் கொஞ்சம் தாராளமாக. வெங்காயத்தை நன்றாகவே சிவக்கவிடுங்கள். கரித்துண்டில் நெய் ஊற்றிப் புகை போடலாமா என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பிடிக்கவில்லை, நெய் மணம்தான் முன்னால் நிற்கிறது.

கேள்வி: இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, கரம் மசாலா?

அது ராஜ்மா மசாலா. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பஞ்சாப் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். தக்காளிப் புளிப்பு பயறு வேகுவதையும் தாமதப்படுத்தும். நம் பிரிஞ்சி இலையும் அங்கே போடும் பே இலையும் வேறு வேறு. நம்முடையதில் பட்டை வாசனை அடிக்கும், அதனால் பாதி இலை போதும். காரத்துக்கு மேலே இரண்டு சொட்டு டபாஸ்கோ மிளகாய் சாஸ். அதுவும் லூசியானா சரக்குதான்.

கேள்வி: மிஞ்சினால் மறுநாள் வைத்துக்கொள்ளலாமா?

மறுநாள்தான் இன்னும் ருசி. ஃபிரிட்ஜில் இறுகிக் களி மாதிரி ஆகிவிடும், அரை டம்ளர் வெந்நீர் விட்டுச் சூடாக்குங்கள். சோறு மட்டும் புதிதாக வடித்துக்கொள்ளுங்கள்.