டிப்ஸ் யார் கணக்கில்?

கேள்வி: ஓசூர் தொழிற்சாலையில் எங்கள் பிரிவினர் 12 பேருக்கு கம்பெனி செலவில் ஓட்டலில் மதிய விருந்து. பில்லில் சர்வீஸ் சார்ஜும் இருந்தால் டிப்ஸ் தனியாகத் தர வேண்டுமா? அதை எப்படிக் கணக்கில் காட்டுவது?
– வாசகி, ஓசூர்

பதில்: கிளம்பும் முன்பே அக்கவுண்ட்ஸில் இரண்டைக் கேட்டுவிடுங்கள்: தலைக்கு எவ்வளவு, டிப்ஸ் சேருமா. பின்னால் வரும் தகராறு பெரும்பாலும் இதைக் கேட்காததால்தான்.

தலைக்கு 350 என்றால் சாப்பாடு 4,200; 5 சதவீத ஜிஎஸ்டி 210; மொத்தம் 4,410. வரி கட்டாயம். சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை. 2022-லேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. பில்லிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் 1915-க்குப் புகார் செய்யலாம். சர்வீஸ் சார்ஜைக் கட்டிவிட்டால் டிப்ஸ் வேண்டாம்.

இல்லையென்றால் 200 ரூபாய் தாராளம். 12 பேருக்கும் ஓடி ஓடிச் சாம்பார் ஊற்றியவரை, பில் கம்பெனியுடையது என்பதற்காக வெறுங்கையோடு விடுவது நியாயமில்லை. ரொக்கமாக அவர் கையில் கொடுங்கள். கல்லாவில் இருக்கும் க்யூஆரில் போட்டால் கடைக் கணக்குக்குப் போய்விடும்.

டிப்ஸுக்கு ரசீது வராது. பில்லின் பின்புறம் தேதி, வந்தவர்கள் பெயர், ‘டிப்ஸ் 200, ரொக்கம்’ என்று எழுதி, கூட வந்த ஒருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அன்றைக்கே போட்டோ எடுங்கள். அந்த வழவழ பில் தாளில் சில வாரங்களில் எழுத்து மங்கிவிடும். வீட்டுக்கு வாங்கும் பார்சலுக்குத் தனி பில் போடச் சொல்லுங்கள்.