ஊழலையோ அரசின் தில்லுமுல்லையோ விசாரித்தவர் மர்மமாக இறந்த வழக்குகளில், உங்கள் மனதை விட்டு நீங்காதது எது?

எனக்கு அது அர்ஜென்டினாவின் ஆல்பர்ட்டோ நிஸ்மான் வழக்குதான்.

2015 ஜனவரி 19, திங்கட்கிழமை. அப்போது ஒரு நாளிதழில் வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழில் எழுதும் வேலையில் இருந்தேன். அரசு வழக்கறிஞர் ஒருவர் தன் வீட்டுக் குளியலறையில் தலையில் குண்டடிபட்டுக் கிடந்தார், பக்கத்தில் துப்பாக்கி இருந்தது என்று செய்தி வந்தது. நான் யோசிக்காமல் 'தற்கொலை' என்று தலைப்பு வைத்துவிட்டேன். மூத்த ஆசிரியர் ஒருவர் அதை அடித்துவிட்டு, "யாரு தம்பி பார்த்தா? பிணமாகக் கிடந்தார்னு மட்டும் போடு" என்றார். அன்றிலிருந்து இந்த வழக்கைத் தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1994 ஜூலை 18 அன்று புவெனோஸ் அயர்ஸில் 'ஆமியா' என்ற யூத சமூக மையத்தை வெடிகுண்டு நிரப்பிய வேன் தரைமட்டமாக்கியது. 85 பேர் செத்துப்போனார்கள். அதை முதலில் விசாரித்த நீதிபதி ஹுவான் ஹோசே கலேயானோ என்ன செய்தார் தெரியுமா? பழைய கார் விற்கும் ஒருவருக்கு உளவுத்துறைப் பணத்திலிருந்து 4 லட்சம் டாலர் கொடுக்க ஏற்பாடு செய்து, மாகாணப் போலீஸ்காரர்கள் சிலர் மீது பழி விழுகிற மாதிரி சாட்சி சொல்ல வைத்தார். 2004-ல் வழக்கு நொறுங்கி, குற்றம் சாட்டப்பட்ட உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் விடுதலையானார்கள். அந்த நீதிபதிக்கே 2019-ல்தான் ஆறு வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள். ஆக, உண்மையான தடயம் கிடைத்திருக்க வேண்டிய ஆரம்ப வருடங்கள் அத்தனையும் வீண்.

அப்புறம்தான் வழக்கு நிஸ்மான் தலைமையிலான தனிப்பிரிவுக்கு வந்தது. ஈரானும் அதன் ஆதரவு பெற்ற லெபனான் ஆயுத இயக்கமான ஹெஸ்புல்லாவும்தான் காரணம் என்று 2006-ல் அவர் குற்றம்சாட்டினார், ஈரான் மறுத்தது. 2013-ல் அர்ஜென்டினா அரசு அதே ஈரானோடு சேர்ந்து விசாரிக்க ஒப்பந்தம் போட்டது. அது வெளிப்பூச்சு, வர்த்தகத்துக்காகக் குற்றவாளிகளைத் தப்பவிடும் ரகசிய ஏற்பாடுதான் உண்மை என்று, 2015 ஜனவரி 14 அன்று அதிபர் கிறிஸ்டினா ஃபெர்னாண்டஸ் மீதும் வெளியுறவு அமைச்சர் எக்தோர் திமெர்மன் மீதும் நிஸ்மான் கிட்டத்தட்ட 300 பக்கப் புகார் கொடுத்தார். 19-ஆம் தேதி திங்கட்கிழமை நாடாளுமன்றக் குழு முன்னால் அதை விளக்க வேண்டும். ஞாயிறு இரவு பிணமாகக் கிடந்தார்.

சனிக்கிழமை மாலை தெரிந்தவர் ஒருவருக்கு அவர் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். மேசை நிறையக் காகிதங்கள், பக்கத்தில் மார்க்கர் பேனாக்கள். வீட்டு வேலை செய்யும் பெண் திங்கட்கிழமை வாங்கி வரவேண்டிய சாமான்களுக்குச் சீட்டும் எழுதி வைத்திருந்தார். சாகப் போகிறவன் மளிகைச் சீட்டு எழுதுவானா என்று என் அம்மா கேட்டார். சட்டப்படி அது ஒரு சான்றே இல்லை, ஆனாலும் எனக்கு அந்தச் சீட்டு இன்றும் கண்முன் நிற்கிறது.

அவருக்குப் பாதுகாப்பாகப் பத்துப் போலீஸார் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். ஞாயிறு முழுக்க போனை எடுக்கவில்லை, வாசலில் நாளிதழ் அப்படியே கிடக்கிறது, ஆனால் இரவு அவருடைய அம்மாவை அழைத்துவந்து பூட்டுத் திறப்பவரைக் கூப்பிடும் வரை ஒருவரும் உள்ளே போகவில்லை. .22 துப்பாக்கி அவருடையது அல்ல, அவரிடம் வேலை பார்த்த கணினி உதவியாளரிடமிருந்து முந்தின நாள் வாங்கியது. மெய்க்காவலர்களை நம்ப முடியவில்லை என்று சொல்லிக் கேட்டதாக அந்த உதவியாளர் சொன்னார். நிஸ்மான் கையில் வெடிமருந்துத் துகள் கிடைக்கவில்லை.

என்னைக் கொதிக்க வைப்பது அதற்கடுத்த சில மணி நேரம். அரசின் பாதுகாப்புச் செயலாளர் செர்ஹியோ பெர்னி, விசாரணை வழக்கறிஞர் விவியானா ஃபெய்னுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டுக்குள் ஐம்பது பேர் மாதிரி இருந்தார்கள், காபி குடித்தார்கள், ரொட்டி தின்றார்கள் என்று, தெருவில் போகும்போது சாட்சிக் கையெழுத்துக்காகக் கூட்டிப் போகப்பட்ட ஓர் இளம்பெண் பிற்பாடு சொன்னார். துப்பாக்கியில் இருந்த ரத்தத்தைக் கழிப்பறைத் தாளால் துடைப்பது வீடியோவில் பதிவாகியிருக்கிறது. அதிபர் முதலில் தற்கொலை என்ற தொனியில் ஃபேஸ்புக்கில் எழுதினார், மூன்றே நாளில் தற்கொலை இல்லை என்று உறுதியாக நம்புவதாக எழுதினார்.

இப்படித் தொடங்கினால் எங்கே போய் முடியும்? நீதிமன்ற மருத்துவர்கள், வேறு யாரும் அங்கே இருந்ததற்குத் தடயமில்லை என்றார்கள். 2017-ல் எல்லைக் காவல்படையின் நிபுணர்கள், இரண்டு பேர் அவரை அடித்து, கெட்டமின் என்ற மயக்க மருந்து கொடுத்துச் சுட்டார்கள் என்றார்கள். ஒரே உடல், ஒரே குளியலறை. அந்த ஆண்டு டிசம்பரில் நீதிபதி ஹுலியான் எர்கோலினி அது கொலைதான் என்று தீர்மானித்து, துப்பாக்கி கொடுத்தவரையும் குற்றம்சாட்டினார். அவர் மறுக்கிறார்.

கொலை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் நிஸ்மானின் புகார் இரும்புக்கோட்டை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிஸ்மான் சொன்னதுபோல் ஈரானியர்கள் மீதான தேடல் அறிவிப்பை நீக்கச் சொல்லி அர்ஜென்டினா கேட்கவே இல்லை என்று, சர்வதேசப் போலீஸ் அமைப்பான இன்டர்போலின் முன்னாள் பொதுச் செயலாளர் ரொனால்ட் நோபிளே மறுத்தார், அடுத்த மாதமே ஒரு நீதிபதி புகாரைத் தள்ளுபடி செய்தார். பிறகு மறுபடி திறந்து, மூடி, திறந்து, இன்னும் இழுக்கிறது. புகார் பலவீனமென்றால் அதை அவையில் கிழித்துத் தொங்கவிட்டிருக்கலாம். அதற்கு அந்த மனிதர் திங்கட்கிழமை உயிரோடு வந்திருக்க வேண்டும்.

அவர் செத்த ஒரு மாதத்தில், பிப்ரவரி 18 அன்று, சக அரசு வழக்கறிஞர்கள் முன்னே நடக்க, கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு லட்சக்கணக்கானோர் கோஷம் போடாமல் நடந்தார்கள். ஒவ்வொரு ஜூலையிலும் நினைவு நிகழ்ச்சியில் காலை 9.53-க்கு ஆமியா வாசலில் சைரன் ஒலிக்கிறது. 85 பெயர்களையும் வாசிக்கிறார்கள், ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் 'இங்கே இருக்கிறார்' என்று பதில் சொல்கிறது.